கீழே ஸ்டாம்ப் இருந்தால் அது ஸ்டாம்ப் பிரின்ட் ஆகிவிடுமா? ஒரு வாத்துப் பட சேகரிப்பின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு குடும்பம். அப்பா காலமான பிறகு, வீடு முழுக்க அவர் மாட்டி வைத்திருந்த வாத்துப் படங்களை என்ன செய்வது என்று அம்மாவும் மகனும் மகளும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. படங்களைப் பட்டியல் எடுக்கும் வேலையில் கூட இருந்தேன் என்பதால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்கிறேன். பெயர், ஊர் எதுவும் சொல்லப்போவதில்லை.

பின்னணி: ஸ்டாம்ப் வேறு, பிரின்ட் வேறு

1930-களில் வறட்சி ஒரு பக்கம், சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கியது இன்னொரு பக்கம் என்று வட அமெரிக்காவில் வாத்துகள் மோசமாகக் குறைந்தன. 1934 மார்ச் 16 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி வாத்து வேட்டைக்குப் போகிற பெரியவர்கள் ஆண்டுதோறும் ஒரு ஸ்டாம்ப் வாங்க வேண்டும், அதன் முகப்பில் குறுக்காக மையால் கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் எல்லோரும் சொல்கிற டக் ஸ்டாம்ப். இது தபால் தலை இல்லை, கடிதத்தில் ஒட்டினால் செல்லாது. முதல் ஆண்டு விலை 1 டாலர், இப்போது 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் பறவைகளுக்கான நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது என்று அரசு கணக்குச் சொல்கிறது.

முதல் ஸ்டாம்பை வரைந்தவர் ஜே நார்வுட் டார்லிங். 'டிங்' என்று கையெழுத்துப் போடும் அரசியல் கார்ட்டூனிஸ்ட், அப்போது வனவிலங்குத் துறையின் தலைவரும் அவரே. அந்த ஓவியத்தையே எட்சிங்காக (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை பூசிக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் அச்சு) செய்து, சில நூறு பிரதிகள் எடுத்துக் கையெழுத்திட்டார். அதிலிருந்துதான் "ஸ்டாம்ப் பிரின்ட்" என்ற வழக்கமே தொடங்கியது: ஸ்டாம்பை வரைந்த ஓவியரே அதே படத்தைப் பெரிதாக அச்சிட்டு, பென்சிலால் கையெழுத்திட்டு விற்பது. வாங்குகிறவர்கள் அந்த ஆண்டின் ஸ்டாம்பையும் படத்துக்குக் கீழே ஒரு சின்ன ஜன்னல் வெட்டி வைத்து ஃப்ரேம் போடுவார்கள். அந்தச் சின்ன ஜன்னலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை அதில்தான் வரப்போகிறது.

1949-இல் திறந்த போட்டி வந்தது. ஜெயிக்கிற ஓவியருக்கு அரசு பரிசுப் பணம் எதுவும் தருவதில்லை. ஒரு தாள் ஸ்டாம்ப் கிடைக்கும், கௌரவம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு விற்கும் உரிமை ஓவியருடையது. அந்த உரிமைதான் ஒரு காலத்தில் ஓவியர்களை ஒரே நாளில் பணக்காரர்களாக்கியது. 1975-இல் சுமார் 3,000 பிரதிகள் போட்டார்கள். 1980-இல் அது ஏறத்தாழ 13,000. 1982-இல் 20,000-ஐத் தாண்டியது. ஒவ்வொன்றிலும் கையெழுத்து இருக்கும், எண் இருக்கும், "லிமிடெட் எடிஷன்" என்ற சான்றிதழும் இருக்கும். இருபதாயிரத்தில் என்ன லிமிட் என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் இருந்த நிலைமை

அப்பா சேர்க்க ஆரம்பித்தது 1970-களின் நடுவில். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வாங்கியிருக்கிறார், பழையவற்றையும் அவ்வப்போது தேடிப் பிடித்திருக்கிறார். மொத்தம் நாற்பது ஃப்ரேம்களுக்குக் கொஞ்சம் மேல். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம், அதில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே வாங்கிய விலையும், 1980-களின் நடுவில் வியாபாரிகளின் விலைப்பட்டியலிலிருந்து எழுதிக்கொண்ட "மதிப்பும்" இருந்தன.

மகன் அந்த இரண்டாவது பத்தியைக் கூட்டிப் பார்த்து, இதை விற்றால் அம்மாவுக்குப் பல வருஷத்துக்குக் கவலை இல்லை என்று முடிவுக்கு வந்துவிட்டார். இன்ஷூரன்ஸும் அதே தொகைக்கு எடுக்கப்பட்டு, பிரீமியம் வருஷாவருஷம் கட்டப்பட்டிருந்தது. விலைப்பட்டியல் என்பது வியாபாரி கேட்ட விலை, யாரும் கொடுத்த விலை இல்லை என்பதை அவருக்கு விளங்க வைப்பது கஷ்டமாக இருந்தது. அப்பாவின் கையெழுத்தில் எழுதியிருந்ததால் இன்னும் கஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. படிப்பறையில் மேசைக்கு மேலே கறுப்பு வெள்ளையில் ஒரு சின்ன எட்சிங், கீழே ஓரத்தில் பென்சிலில் ஃபிராங்க் பென்சன் கையெழுத்து, அதற்கும் கீழே ஜன்னலில் 1935-ஆம் ஆண்டு ஸ்டாம்ப். "இதைத் தொடாதீங்க, உலகத்திலேயே நூறுதான் இருக்கு" என்று அப்பா சொல்வாராம்.

அது வெறும் வீட்டுப் பெருமை இல்லை. இரண்டாவது ஸ்டாம்பை வரைந்தவர் பென்சன்தான். மாசசூசெட்ஸ் மாநிலம் சேலம் ஊர்க்காரர், அமெரிக்க இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களில் முக்கியமானவர், எட்சிங்கில் பெரிய கை. அவர் அந்த ஸ்டாம்புக்காக எடுத்த பிரின்ட் சுமார் 100 பிரதிகள்தான் என்று சேகரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. பெடரல் வரிசையை, அதாவது மத்திய அரசின் இந்த ஸ்டாம்புகளுக்கான பிரின்ட்களை, முழுதாகச் சேர்க்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் அது. அந்த ஆண்டு ஸ்டாம்பே 4,48,204 மட்டும்தான் விற்றது, இந்த வரிசையின் ஆகக் குறைந்த விற்பனை.

வியாபாரி வந்தார்

பட்டியல் எடுக்கும் முன்பே ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை சொன்னார், வார இறுதிக்குள் பதில் வேண்டும் என்றார். நோட்டுப் புத்தகத்தின் கூட்டலோடு ஒப்பிட்டால் அது மிகச் சின்னத் தொகை. பென்சன் படத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தெரிந்துகொண்டே மறைக்கிறார் என்று மகள் சந்தேகப்பட்டார். அவர் கேட்ட தொகை அநியாயம் என்று நான் நினைக்கவில்லை, அவசரப்படுத்தியதுதான் பிடிக்கவில்லை.

குடும்பம் எடுத்த முதல் முடிவு, வாங்குகிறவர் சொல்லும் மதிப்பை மதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. படங்களை வாங்காத, விற்காத, மணிக்கணக்குக்குக் கட்டணம் வாங்கும் ஒரு மதிப்பீட்டாளரை வைத்துக்கொண்டார்கள். மதிப்பில் சதவீதம் கேட்கிறவர்கள் வேண்டாம் என்று தெளிவாக இருந்தார்கள், ஏனென்றால் அப்படிப்பட்டவருக்கு மதிப்பை ஏற்றிச் சொல்வதில் லாபம் இருக்கிறது. வியாபாரியிடம் மரியாதையாக நேரம் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை, போய்விட்டார்.

சுவரில் இருந்தவை

மதிப்பீட்டாளர் வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை, ஒவ்வொரு ஃப்ரேமையும் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் படம் எடுப்பது. பின்பக்கம்தான் முக்கியம்: ஃப்ரேம் கடையின் லேபிள், வாங்கிய ரசீது, பென்சில் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். எதையும் பிரிக்கக் கூடாது என்று முடிவு. மகனுக்கு உடனே எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க ஆசை. ஆனால் பழைய டேப்பைத் தெரியாதவர் இழுத்தால் காகிதத்தின் மேல்தோலும் கூடவே வந்துவிடும்.

70-களின் கடைசியிலிருந்து வந்த வண்ணப் படங்கள் எல்லாமே ஆஃப்செட் அச்சு, அதாவது இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அச்சிடும் முறை. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். அதில் தவறு ஒன்றும் இல்லை, அவை அப்படித்தான் விற்கப்பட்டன. ஆனால் தெற்கு ஜன்னல் உள்ள கூடத்தில் மாட்டியிருந்தவற்றில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து, படமே நீலம் பாரித்துப் போயிருந்தது. மேட் அட்டை (ஃப்ரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) மலிவான மரக்கூழ் அட்டை, வெட்டின ஓரம் பழுப்பேறி, படத்தைச் சுற்றிக் காகிதத்திலும் ஒரு பழுப்புக் கோடு விழுந்துவிட்டது.

மகன் எண் சிறியதாக உள்ளவற்றைத் தனியாக அடுக்கி வைத்திருந்தார். ஆயிரத்துக்குள் எண் இருந்தால் விலை அதிகம் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். டிரைபாயின்ட் மாதிரி ஊசியால் செம்புத் தகட்டில் கீறும் முறையில் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு. கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்து வைத்து மெத்தென்ற கறுப்பைத் தரும், அச்சு எடுக்க எடுக்கப் பிசிறு தேய்ந்துபோகும், அதனால் முதலில் எடுத்த பிரதிகள் மேல். (அங்கேயும் எண் போட்ட வரிசையில்தான் அச்சிட்டார்கள் என்று உறுதி கிடையாது.) ஆஃப்செட்டில் 40-ஆவதற்கும் 14,000-ஆவதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

கீழ்த்தளத்தில் ஒரு அட்டைக் கோப்பில் ஃப்ரேம் போடாத சில பழைய பிரின்ட்கள் கிடைத்தன. அதில் 1936-ஆம் ஆண்டின் ரிச்சர்ட் பிஷப் எட்சிங் ஒன்று, பறக்கும் கனடா வாத்துகள், ஓரம் முழுசாக, காகிதம் சுத்தமாக. முப்பதுகளின் பிரின்ட் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிஷப் அந்த ஆண்டு பிரதிகளுக்கு வரம்பே வைக்கவில்லை என்பதால் இது பென்சன் மாதிரி அபூர்வம் இல்லை. ஆனால் நல்ல பிரதி, ஃப்ரேம் கடைக்காரர் கைக்குப் போகாமல் தப்பியது.

அப்புறம் 1959-இன் 'கிங் பக்'. வாயில் மல்லார்ட் வாத்தைக் கவ்விய கறுப்பு லாப்ரடார் நாய், மேனார்ட் ரீஸ் வரைந்தது. இந்த வரிசையில் நாயை நாயகனாக்கிய ஒரே ஸ்டாம்ப் அதுதான். ரீஸ் ஐந்து முறை ஸ்டாம்ப் வரைந்தவர். அந்த வீட்டிலும் ஒரு கறுப்பு லாப்ரடார் இருந்ததாம். இது எனக்கு வேண்டும், விலை கேட்காதீர்கள் என்று அம்மா சொல்லிவிட்டார். பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டோம்.

படிப்பறை எட்சிங்

இதற்கு மட்டும் ஃப்ரேமைத் திறப்பது என்று முடிவானது. காகிதப் பாதுகாப்பு நிபுணர் ஒருவரின் மேசையில், மதிப்பீட்டாளரும் கூட இருக்க. திறப்பதற்கு முன்பே மதிப்பீட்டாளர் ஒரு காரியம் செய்தார், அதை வேறு யாராவது முப்பது வருஷம் முன்னால் செய்திருக்கலாம்: ஸ்டாம்பையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பறவைகளை எண்ணினார்.

ஸ்டாம்பில் மூன்று கேன்வஸ்பேக் வாத்துகள் நீரிலிருந்து எழும்புகின்றன. மேலே இருந்த எட்சிங்கில் ஐந்து பறவைகள், இறங்கிக்கொண்டிருந்தன.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மகள்தான் முதலில், "அப்போ இது போலியா?" என்று கேட்டார். அதற்குப் பதில் ஃப்ரேமைத் திறந்த பிறகுதான் கிடைத்தது. காகிதத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோது படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் தெளிவாக இருந்தது. ஈரக் காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தி எடுத்தால் வரும் அடையாளம் அது. கோடுகளில் மை மேடாக நின்றது, லென்ஸில் புள்ளிகள் இல்லை. கையெழுத்து பென்சில்தான், கிராஃபைட்டின் மினுமினுப்பும் அழுந்திய தடமும் தெரிந்தன. ஆக, பென்சனின் உண்மையான எட்சிங். ஆனால் ஸ்டாம்புக்கானது இல்லை. பென்சன் தன் வாழ்நாளில் 350-க்கும் மேற்பட்ட தகடுகள் செய்தார், அவற்றில் மிகப் பல வாத்துகளும் காட்டு வாத்துக் கூட்டங்களும்தான். இது அந்த 350-இல் ஒன்று.

அப்படியானால் 1935 ஸ்டாம்ப் எப்படிக் கீழே வந்தது? பின் அட்டையில் இருந்த ஃப்ரேம் கடை லேபிள் பாதிப் பதிலைச் சொன்னது. முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தது. அமெரிக்காவில் ஜிப் கோடு வந்ததே 1963-இல். அதனால் படமும் ஸ்டாம்பும் இந்த ஃப்ரேமுக்குள் சேர்ந்தது ஸ்டாம்ப் வெளியாகி ஏறத்தாழ முப்பது வருஷமாவது கழித்து. சேர்த்தது யார், ஏமாற்ற நினைத்துச் சேர்த்தார்களா, அல்லது "பென்சன் படம், பென்சன் ஸ்டாம்ப், ஜோடியாக அழகாக இருக்கும்" என்று சேர்த்தார்களா என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டாவதுதான் இருக்கும் என்பது என் எண்ணம். ஏமாற்றுகிறவன் பறவைகளையாவது எண்ணியிருப்பான்.

ஸ்டாம்ப் அசல்தான். வேளாண்மைத் துறையின் பெயர் பொறித்தது (1939-இலிருந்துதான் உள்துறையின் பெயர் வருகிறது), கையெழுத்துப் போடாதது. ஆனால் அட்டையில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பின்பக்கப் பசை அப்படியே இருக்கும் கையெழுத்தில்லாத 1935 ஸ்டாம்புக்கு நல்ல விலை உண்டு. ஒட்டிப் பிரித்ததற்கு அதில் ஒரு சின்னப் பங்குதான் கிடைக்கும்.

எட்சிங்கின் நிலையும் சுமார். ஃப்ரேம் அளவுக்குப் பொருந்தட்டும் என்று யாரோ ஓரத்தைத் தகட்டுப் பள்ளத்துக்கு நெருக்கமாக வெட்டியிருந்தார்கள், மேட்டின் பழுப்புக் கோடும் இருந்தது. கோட்டை வெளுக்க வைக்கலாமா என்று மகன் கேட்டார். நிபுணர் செய்ய முடியும் என்றார், ஆனால் வேண்டாம் என்றார். ரசாயனம் போட்டு வெளுத்தால் பழைய காகிதத்தின் நிறம் மொத்தமும் மாறும், விவரம் தெரிந்த வாங்குபவர் அதைத்தான் முதலில் கவனிப்பார். பழைய அட்டையையும் டேப்பையும் நீக்கி, கோதுமை மாவுப் பசையும் ஜப்பானியக் காகிதமும் வைத்துப் புது அமிலமற்ற அட்டையில் மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவானது. பழைய பின் அட்டையை லேபிளோடு தனி உறையில் போட்டு வைத்தார்கள்.

எப்படி விற்பது

மதிப்பீட்டறிக்கை வந்ததும் குடும்பத்தில் ஒரு சின்னச் சண்டை. மொத்தத் தொகை நோட்டுப் புத்தகக் கூட்டலின் பக்கத்தில்கூட வரவில்லை. 80-களின் படங்களில் பெரும்பாலானவற்றை இன்று விற்றால் அவற்றுக்கு ஃப்ரேம் போட்ட செலவுகூடத் திரும்பாது. காரணம் எளிது: ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் அச்சானது, வாங்கியவர்கள் யாரும் தூக்கிப் போடவில்லை, அவர்கள் எல்லோருக்கும் இப்போது ஒரே சமயத்தில் வயதாகிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதே மல்லார்ட், அதே மர வாத்து சந்தைக்கு வருகிறது. விலை ஏறும் வரை வைத்திருக்கலாம் என்றார் மகன். எதற்காக ஏறும் என்று மகள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

கடைசியில் மூன்றாகப் பிரித்தார்கள். பென்சன் எட்சிங்கை வாத்துப் பட வியாபாரிகளிடம் கொண்டு போகவில்லை. அவர்களுடைய வாங்குபவர்களுக்கு ஸ்டாம்ப் வரிசைதான் வேண்டும், அந்த வரிசையில் இதற்கு இடம் இல்லை. பழைய எட்சிங்குகளை ஏலம் விடும் இடத்துக்கு அனுப்பினார்கள், அங்கே இதை பென்சனின் படமாகவே பார்ப்பார்கள். விவரக் குறிப்பில் "1935 ஸ்டாம்ப் பிரின்ட் அல்ல, முன்பு தவறாக ஸ்டாம்போடு சேர்த்து ஃப்ரேம் செய்யப்பட்டது" என்று எழுதச் சொன்னது மகள். அப்படி எழுதினால் விலை குறையும் என்று மகன் தயங்கினார். எழுதாமல் விட்டால் வாங்கியவர் ஒருநாள் எண்ணிப் பார்ப்பார் இல்லையா.

பிஷப்பும் கோப்பில் இருந்த மற்றப் பழைய பிரின்ட்களும் ஒவ்வொன்றாக, சேகரிப்பாளர்களுக்கே. 80-களின் படங்களில் வெளுக்காதவை பெரும்பாலும், நீர்ப்பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் உள்ளூர்க் கிளை விருந்து ஏலத்துக்கு நன்கொடை. வரிக் கழிவு கேட்பதானால், நன்கொடை 5,000 டாலரைத் தாண்டும்போது தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். இவர்களுடையது அதற்குள்ளேயே நின்றது.

நடந்தது

எட்சிங் விற்றது. 1935 ஸ்டாம்ப் பிரின்ட்டுக்குக் குடும்பம் கனவு கண்ட தொகை இல்லை, ஓரம் வெட்டியதற்கும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள், ஆனாலும் 80-களின் படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மதிப்பீட்டறிக்கை சொன்ன தொகையைவிட அதிகம். ஸ்டாம்ப் தனியாக, பசை இல்லை என்ற குறிப்போடு போனது. பிஷப் எட்சிங் ஒரு இளைஞரிடம் போனது, கையில் பணம் சேரும்போது ஒவ்வோர் ஆண்டாகப் பின்னோக்கிச் சேர்க்கிறாராம்.

யாரும் எதிர்பார்க்காதது விருந்து ஏலம்தான். கூடத்தில் இருந்தவர்கள் வேட்டைக்காரர்கள். அவர்களுக்கு எடிஷன் அளவு பற்றிக் கவலை இல்லை, சுவருக்கு நல்ல ஃப்ரேம் போட்ட வாத்துப் படம் வேண்டும், பணம் சதுப்பு நிலத்துக்குப் போகிறது என்ற திருப்தியும் வேண்டும். சில படங்கள் மதிப்பீட்டறிக்கையில் போட்டிருந்ததைவிட நன்றாகவே போயின. மகனும் அம்மாவும் அங்கே போயிருந்தார்கள். வெளுத்துப் போனவற்றை யாரும் எடுக்கவில்லை, அவற்றின் ஃப்ரேம்களை மட்டும் ஒரு ஃப்ரேம் கடைக்காரர் வாங்கிக்கொண்டார்.

இன்ஷூரன்ஸ் ரத்து செய்யப்பட்டது. கட்டிய பிரீமியத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று மகள் தடுத்துவிட்டார், சரியான முடிவு.

மறுபடி இப்படி ஒன்று வந்தால்

வரிசையை மாற்றுவேன். நாற்பது ஃப்ரேமையும் படம் எடுத்து முடித்த பிறகுதான் எட்சிங்குக்குப் போனோம். பறவை எண்ணும் வேலைக்கு ஃப்ரேமைத் திறக்கவே வேண்டாம், ஸ்டாம்பின் ஒரு நல்ல படம் கையில் இருந்தால் போதும், முதல் நாளே முடிந்திருக்கும். அந்த நாள்கள் முழுக்கக் குடும்பம் ஒரு தவறான நம்பிக்கையின் மேல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, அதைத் தவிர்த்திருக்கலாம்.

நிபுணரின் செலவைப் பற்றி முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். பென்சனுக்கு அது தகும். பிஷப்புக்கும் ஒரு பார்வை தகும். மற்றவற்றுக்குத் தகாது என்று மகனுக்குப் பில் வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் ஏற்கெனவே இரண்டு 80-களின் படங்களையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

இன்னொன்று, சேகரிப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது. அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் விலை இருந்தது, யாரிடம் வாங்கினார் என்பது இல்லை. படிப்பறை எட்சிங்குக்கு எதிரே வெறும் "பென்சன், ஸ்டாம்புடன்" என்று மட்டும் எழுதியிருந்தது. விற்றவர் பெயர் இருந்திருந்தால் ஸ்டாம்ப் எப்படி அதன் கீழே வந்தது என்ற மீதிப் பாதிக்கும் பதில் கிடைத்திருக்கும். 1959 நாய் படத்தின் பின்னால் இப்போது அம்மா தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார், எந்த ஆண்டு வாங்கியது, யார் வாங்கியது, எந்த ஊரில் என்று. ஒட்டியது செல்லோ டேப்பால். அதைப் பற்றி மட்டும் அவரிடம் இன்னும் ஒருமுறை பேச வேண்டும்.